பின்னால் நீட்டிய கை

பாட்டியாலா
12-6-86

அன்புத் தம்பி கோபுவுக்கு,

அண்ணன் பொன்னுரங்கம் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லாமல் கேம்ப் வந்து சேர்ந்தேன். அப்பா இளைப்பு இல்லாமல் தூங்குகிறாரா, உன் தொடை வலி எப்படி இருக்கிறது, இரண்டையும் உடனே எழுது.

இங்கே அடிக்கிற வெயிலுக்கு முன்னால் நம்ம தாம்பரம் வெயில் ஒன்றுமே இல்லை. சாப்பாட்டுக்குச் சப்பாத்தி, பருப்பு, மறுபடி சப்பாத்தி. சோறு கேட்டால் சமையல்காரன் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான்.

நவம்பரில் பாங்காக்கில் நடக்கிற சர்வதேசப் போட்டி ரிலேவுக்குத்தான் இத்தனை பாடும். நாலு பேரில் எனக்கு எப்போதும்போல் கடைசி ஓட்டம். உன்னுடைய மூன்றாவது ஓட்டத்துக்குப் பல்கார் சிங் என்று ஒரு சர்தாரைப் போட்டிருக்கிறார்கள். தங்கமான ஆள். ஆனால் பேட்டனைக் கொடுக்கும்போது "லே", அதாவது "பிடி", என்று கத்துகிறான். என் கை பின்னால் போகவே மாட்டேன் என்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து நீ பின்னால் வந்து "அண்ணா" என்று கத்தினால்தான் திரும்பிப் பார்க்காமல் நீட்டும் கை இது. கோச் யக்ஞநாராயணன் சார் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உன் தம்பி என்னதான்டா கத்துவான்?" என்று கேட்டார். சொன்னேன். இப்போது பல்கார் பல் விளக்கும்போதுகூட "அன்னா, அன்னா" என்று பழகுகிறான். கேம்ப் முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

நீ போன மாதம் தசை பிய்ந்து விழாமல் இருந்திருந்தால் இந்தக் கூத்தெல்லாம் தேவையில்லை. அப்பாவைப் பீடி பக்கம் போகவிடாதே.

உன் அண்ணன்
பொன்னுரங்கம்


செம்பாக்கம்
28-6-86

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபு வணக்கம். நீ சுகமாகச் சேர்ந்தது அறிந்து இங்கே இரண்டு பேருக்கும் நிம்மதி. அப்பா நன்றாகத் தூங்குகிறார், பீடியும் நன்றாகக் குடிக்கிறார்.

என் காலைப் பற்றி நல்ல சேதி. டாக்டர் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, மெதுவாக ஓட ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டார். காலையில் ஏரிக்கரை மேல் ஓடுகிறேன். எருமைகள்தான் வழிவிட மாட்டேன் என்கின்றன. வலி இல்லை அண்ணா, கொஞ்சம் பிடிக்கிறது, அவ்வளவுதான். சாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை. ஆகஸ்டுக்குள் முழு வேகம் வந்துவிடும். எனக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது, இதை விட்டால் அடுத்த சர்வதேசப் போட்டிக்கு என்னை யார் கூப்பிடப்போகிறார்கள்?

அப்பா ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறார். நாம் இரண்டு பேரும் ஒரே பனியன் போட்டு வெளிநாட்டில் ஓடினால் குன்றத்தூர் முருகனுக்கு மூன்று மொட்டையாம். அவர் தலையில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அடிக்க வந்தார்.

உன் தம்பி
கோபு

அப்பா சொல்வது: பெரியவனே, ரொட்டி துன்னு துன்னு தொப்பை போட்டுகினு வந்துராதே. சின்னவன் கால் ஜம்முனு கீது. வாத்தியார் கிட்ட சொல்லு.


பாட்டியாலா
15-7-86

அன்புத் தம்பிக்கு,

இங்கே நான் சௌக்கியம். உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். "அவசரம் வேண்டாம், நன்றாக ஓய்வெடுக்கட்டும்" என்றார். நானும் அதையேதான் சொல்கிறேன். தொடைத் தசை ஒருமுறை பிய்ந்தால் மறுமுறை பிய்வதற்குக் காத்துக்கொண்டே இருக்கும். ஏரிக்கரை மேடு பள்ளத்தில் ஓடாதே. ஒரு மாதம் காலை நீட்டிப் படு. அண்ணன் உன் நல்லதுக்குச் சொல்கிறேன்.

இப்போது எங்கள் நாலு பேரில் நான்தான் கடைசி வேகம் என்று ஒருவன் கிண்டல் செய்கிறான். வயசு ஏறுகிறதாம். சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

உன் அண்ணன்
பொன்னுரங்கம்


செம்பாக்கம்
4-8-86

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே உடம்புக்குக் குறையில்லை. உன் சுகத்துக்கு எழுது.

நீ படுக்கச் சொன்னாய், நான் கேட்கவில்லை. காலேஜ் கிரவுண்டில் ஸ்பைக்ஸ் ஷூ போட்டு ஓடிப் பார்த்தேன். வாட்ச் பிடித்த பையன் நம்பாமல் மறுபடி ஓடச் சொன்னான். மறுபடியும் அதே நேரம்தான் வந்தது. அடிபடுவதற்கு முன்னால் இருந்ததைவிட நல்ல நேரம். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

லிஸ்ட் போவதற்கு முன்னால் ட்ரயல் வைப்பார்கள் என்று இங்கே ஒருத்தர் சொன்னார். உண்மையா? தேதி தெரிந்தால் தந்தி அடி, பெட்டி கட்டித் தயாராக வைத்திருக்கிறேன். சாருக்கு நானே எழுதட்டுமா? நீ பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் அம்மா திவசம். அம்மாவுக்குக் கொள்ளி வைத்த கை என்பதால் நான்தான் உட்கார்ந்தேன். செல்லியம்மாள் அத்தை வழக்கம்போல, தாய்க்கு இளையவன், தகப்பனுக்கு மூத்தவன் என்று விளக்கம் சொன்னாள். அப்பா விடுவாரா? "எனுக்குப் பெரியவன் கீறான். எங்க இருந்தாலும் ஓடி வந்துருவான், அவனுக்கு ஓடறதுதானே வேல" என்றார். அத்தை வாயில் அடித்துக்கொண்டாள்.

உன் பதிலுக்காகத் தினமும் தபால்காரரைத் தெருமுனையிலேயே மடக்குகிறேன்.

உன் தம்பி
கோபு

அப்பா சொல்வது: சின்னவன் குடுத்து நீ வாங்கினாதான்டா ஓட்டம். சர்தார் குடுத்தா அது வேற.


பாட்டியாலா
30-8-86

அன்புத் தம்பிக்கு,

சௌக்கியம். வேலை அதிகம், அதனால் தாமதம்.

லிஸ்ட் போய்விட்டது. உன் பெயர் இல்லை. ட்ரயல் எதுவும் வைக்கவில்லை, இருக்கிறவர்களையே அனுப்பிவிட்டார்கள். உனக்காகச் சாரிடம் சண்டையே போட்டேன், அவர் காதில் வாங்கவில்லை. மனசை விடாதே. என் பனியனில் உன் பெயரும் இருப்பதாக நினைத்துக்கொள்.

அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

பொன்னுரங்கம்


செம்பாக்கம்
14-9-86

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தார். இப்போது பரவாயில்லை.

ஒரு விஷயம். யக்ஞநாராயணன் சார் உறவுக்காரர் கல்யாணத்துக்கு மெட்ராஸ் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு மாம்பலத்தில் போய்ப் பார்த்தேன். சந்தோஷமாகப் பேசினார். காலைப் பற்றி விசாரித்தார். காபி கொடுத்தார்.

மழை ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கு இளைப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது.

கோபு

அப்பா சொல்வது: சின்னவன் மூஞ்சே சரியில்ல. இன்னா ஏதுன்னு சொல்ல மாட்டேங்கிறான். ஒரே பேஜாரா கீது. நீயாவது கேளு.


பாட்டியாலா
21-9-86

அன்புத் தம்பி,

உன் கடிதம் இன்றுதான் வந்தது, இன்றே எக்ஸ்பிரஸ் டெலிவரியில் போடுகிறேன். அப்பா எப்படி இருக்கிறார்?

சார் என்ன பேசினார்? அவருக்கு ஞாபகம் சரியில்லை. ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தன் சொன்னதாக மாற்றிச் சொல்வார், இங்கே எல்லாருக்கும் தெரியும். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? சொன்னபடியே எழுது. எதுவாக இருந்தாலும் நான் ஊருக்கு வந்து நேரில் பேசிக்கொள்ளலாம். அதுவரை அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. ராத்திரி தூக்கமே வருவதில்லை. இந்த நேரத்தில் என் மனசு கலைந்தால் மற்ற மூன்று பேர் உழைப்பும் சேர்ந்து வீணாகும்.

உன் அண்ணன்
பொன்னுரங்கம்


தாம்பரம் போஸ்டாபீஸ்
3-10-86

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நின்றுகொண்டே எழுதுகிறேன். கயிறு கட்டிய பேனா, கையெழுத்து கோணலாக இருக்கும். வீட்டில் எல்லாரும் நலம்.

சார் உன்னைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. "பொன்னுரங்கம் நன்றாக ஓடுகிறான், அவனைக் குழப்பாமல் விடு" என்றார். அதனால் குழப்ப மாட்டேன். அப்பாவுக்கு வருஷா வருஷம் வரும் மழைக்கால இளைப்புதான். அதற்காக நீ எதையும் யோசிக்காதே.

கடைசி ஓட்டக்காரன் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னால் மட்டும் பார்.

கோபு


பாட்டியாலா
12-10-86

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் பார்த்துத்தான் உயிர் வந்தது. உன்னைப்போல் தம்பி யாருக்குக் கிடைப்பான்? அன்று ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன்.

பல்காரும் நானும் இப்போது கச்சிதம். அவன் "அன்னா" என்றதும் கை தானாகப் போகிறது. குரல் உன் குரல் இல்லை, அவ்வளவுதான் குறை.

ஒரே ஒரு சங்கடம். இந்தத் தடவை அடியில் அப்பா வரி இல்லையே? அவர் ஏதாவது சொல்லாமல் நம் வீட்டுக் கடிதம் வந்ததே கிடையாது. நீ போஸ்டாபீசில் எழுதியதால் விட்டுப்போயிருக்கும். இருந்தாலும் மனசு அடித்துக்கொள்கிறது. நாங்கள் முப்பதாம் தேதி டெல்லி போகிறோம். அதற்குள் அவர் வாயால் ஒரு வரி வாங்கி அனுப்பு. அதை எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறுவேன்.

உன் அண்ணன்
பொன்னுரங்கம்


செம்பாக்கம்
20-10-86

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. நீ தைரியமாகப் போ.

நான் மொட்டை போட்டுக்கொண்டேன். எதற்கு என்று கேட்பாய். நீ ஜெயித்த பிறகு செய்வதை முன்னாலேயே செய்துவிட்டதாக வைத்துக்கொள். தலை லேசாக இருக்கிறது.

செல்லியம்மாள் அத்தை இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறாள். சொந்தக்காரர்களும் வந்து போகிறார்கள். எல்லாரும் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள்.

நீ கேட்டது கீழே.

கோபு

அப்பா சொல்வது: பெரியவனே, நிதானமா ஓடிட்டு வா. நான் எங்கியும் போவல. உனுக்காண்டிதான் காத்துகினு கீறேன்.


பாங்காக்
5-11-86

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரியவன் பொன்னுரங்கம் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரியும். இந்தக் கடிதத்தைக் கோபு படித்துக் காட்டுவான். வேகமாகப் படித்தால் மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

அப்பா, வெண்கலப் பதக்கம். ரேடியோவில் சொன்னார்களா? பல்கார் வளைவில் வரும்போது நாங்கள் ஐந்தாவதாக இருந்தோம். அவன் அடையாளக் கோட்டைத் தாண்டியதும் நான் கிளம்பிவிட்டேன். "அன்னா" என்று ஒரு கத்தல். கையை நீட்டினேன். பேட்டன் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது பாருங்கள், கோபு கொடுப்பானே, அதேமாதிரி. அதற்கப்புறம் என்ன ஓடினேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு பேரைத் தாண்டினேன். மூன்றாவது ஆளைத் தாண்ட இன்னும் நாலு எட்டு கிடைத்திருந்தால் வெள்ளி.

ஓடுவதற்கு முன்னால் ஷூ கயிற்றை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினேன். அப்போது நீங்கள் எழுதச் சொன்ன வரியைத்தான் சொல்லிக்கொண்டேன். நான் எங்கியும் போவல, உனுக்காண்டிதான் காத்துகினு கீறேன். அந்த இன்லண்டு லெட்டர் இப்போதும் என் சட்டைப்பையில் இருக்கிறது. பதக்கத்தில் பாதி அதற்குத்தான்.

கோபுவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அவன் கால் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் நாம் வேண்டிக்கொண்டபடியே நடந்திருக்கும். எல்லாம் தலையெழுத்து. என்னால் ஆனதை நான் செய்தேன்.

பாட்டியாலா போய் ஒரு பாராட்டு விழா முடித்துவிட்டு மாதக் கடைசியில் தாம்பரத்தில் இறங்குவேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருங்கள். யார் கழுத்திலும் போடாமல் கொண்டுவந்து உங்கள் கழுத்தில் போடுகிறேன். மறுநாளே குன்றத்தூர். கோபு முந்திக்கொண்டான், நமக்கு இரண்டு மொட்டை பாக்கி.

உங்கள் பெரியவன்
பொன்னுரங்கம்


செம்பாக்கம்
17-11-86

பொன்னுரங்கத்துக்கு,

கோபு எழுதுவது. இங்கே நலம் என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது, இந்தத் தடவை அது வேண்டாம்.

அப்பாவுக்கு நீ எழுதிய கடிதம் வந்தது. படித்துக் காட்ட ஆள் இல்லை. அவர் அக்டோபர் ஆறாம் தேதி காலையில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

இரண்டாம் தேதியே மூச்சு விட முடியாமல் சேர்த்தோம். மூன்றாம் தேதி டாக்டர் வெளியே வந்து, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அத்தை என் கையைப் பிடித்து, "பெரியவனுக்குத் தந்தி குடுறா, அவன் வந்துதான்டா ஆகணும்" என்று போஸ்டாபீசுக்குத் துரத்தினாள். போனேன். தந்தி ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது விலகிப் பக்கத்து ஜன்னலுக்குப் போய் இன்லண்டு லெட்டர் வாங்கினேன். வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுதினேன். தந்தி அடித்திருந்தால் அன்று ராத்திரியே கிளம்பியிருப்பாய். அப்பாவை உயிரோடு பார்த்திருக்கலாம்.

ஏன் என்று கேட்க மாட்டாய். உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். மாம்பலத்தில் சார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "நடக்கிறியா நீ?" என்றார். "உன் அண்ணன் நீ கட்டிலை விட்டே எழலைன்னு சொன்னானே. ஆகஸ்ட் இருபதாம் தேதி ட்ரயல், தம்பிக்கு எழுதுன்னு நான் ரெண்டு தடவை சொன்னேனே. நீ வந்திருந்தா உன் அண்ணனை உட்கார வெச்சுட்டு உனக்குத்தானேப்பா கடைசி ஓட்டம் குடுத்திருப்பேன்." காபி ஆறிப்போகும்வரை அவர் என் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஸ்ட் போய்விட்டது, இனி என் கையில் இல்லை என்றார். நல்ல மனுஷன், கண் கலங்கிவிட்டார்.

நான் தாம்பரம் வரை மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். உன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது. நீ கையெட்டும் தூரத்தில் இல்லை. அதனால் உனக்கு வர வேண்டியது ஏதாவது என் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். மூன்றே வாரத்தில் வந்தது.

அப்பா மூன்று நாள் இழுத்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்கும்போதெல்லாம் வாசல் பக்கம்தான் பார்த்தார். "பெரியவன் கெளம்பிட்டானா?" என்று கேட்டார். கிளம்பிட்டான்ப்பா என்றேன். "எங்க வந்துகினு கீறான்?" என்றார். விஜயவாடா தாண்டிட்டான் என்றேன். கடைசி நாள் காலையில், "பேசின் பிரிட்ஜ் வந்துருக்குமா?" என்று கேட்டார். வந்திருக்கும் என்றேன். அவருக்குச் செய்தது பாவம்தான். உன்னைக் குத்த எடுத்த கத்தி அவரைக் கிழித்துக்கொண்டுதான் போனது. அது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் செய்தேன். அதை உன்னோடு பங்கு போட்டுக்கொள்ள மாட்டேன்.

உனக்குத் தந்தி கொடுத்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். பாடையை வாசலில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை தெருவே உனக்காகக் காத்திருந்தது. ஆட்டோ சத்தம் கேட்டால் பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பொழுது சாயும் நேரத்தில், "ஓட்டந்தான் பெருசாப் போச்சு அவனுக்கு" என்று அத்தை மண்ணை வாரித் தூற்றினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தம்பி எவ்வளவு பொறுமை பார் என்று சொன்னார்கள்.

கொள்ளி நான் வைத்தேன். அம்மாவுக்கு நான், அப்பாவுக்கு நீ என்றுதானே வழக்கம். உன் ஓட்டத்தையும் சேர்த்து நானே ஓடிவிட்டேன். மொட்டை அதற்குப் போட்டது. குன்றத்தூருக்கு நீ தனியாகப் போய்க்கொள், அப்பாவுக்குப் போட வேண்டியது முடிந்துவிட்டது. முப்பதாம் நாளும் முடிந்துவிட்டது. நீ வந்து செய்வதற்கு எதையும் நான் மிச்சம் வைக்கவில்லை.

சட்டைப்பையில் வைத்திருக்கிறாயே, அந்த வரியும் நான் எழுதியதுதான். அவர் எரிந்து பதினான்கு நாள் கழித்து, அவர் கட்டிலில் உட்கார்ந்து, அவர் பேசுகிற மாதிரியே எழுதினேன். பதக்கத்தில் பாதி அதற்கு என்று எழுதியிருந்தாய். எனக்கு வேண்டாம், முழுசும் நீயே வைத்துக்கொள்.

வீட்டுச் சாவி அத்தையிடம் இருக்கிறது. உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள், சாவியை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அப்பா படம் மாட்டிய சுவரில் பக்கத்திலேயே இன்னொரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். பதக்கத்தை அதில் மாட்டு. நான் இந்த வாரமே வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறேன், எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தில் எங்கேயும் உன்னை நான் முறை சொல்லிக் கூப்பிடவில்லை. இனிமேலும் கூப்பிடுவதாக இல்லை. அண்ணா என்று கத்துவதற்கு உனக்குப் பல்கார் சிங் இருக்கிறான். அவன் கத்தும்போது கையை நீட்டிக்கொள்.

கோபு